வண்டுகொல்லிச் சாறு

மனைவியின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, வந்திருந்த உறவினர்கள் புறப்பட்டுப் போன மறுநாள் காலை, குளிர்சாதனப் பெட்டியைத் துப்புரவு செய்தேன். அவள் சமைத்து வைத்தவை எதுவும் அதில் மிஞ்சியிருக்கவில்லை. துக்க வீட்டுக்கு வந்த பெண்கள் அவற்றை முதல் வாரத்திலேயே எடுத்துக் கொட்டியிருந்தார்கள். கதவின் கீழ்த்தட்டில், சுருங்கிப்போன தேசிக்காய்களுக்குப் பின்னால், ஒரு சிறிய சோடாப் போத்தல் மட்டும் யார் கையும் படாமல் நின்றது. உள்ளே கரும்பச்சைச் சாறு. போத்தலின் கழுத்தில் நூலால் கட்டியிருந்த காகிதத் துண்டில், கரும்பலகையில் எழுதிப் பழகிய அவளுடைய வட்டமான எழுத்து இருந்தது: “வண்டுகொல்லி. அத்தான் தந்தது. இவரிடம் கொடுக்க வேண்டும்.”

இவர் என்று அதில் குறிக்கப்பட்டிருப்பவன் நான். அத்தான் வேறொருவர்.

அவர் அவளுடைய தாய்மாமனின் மகன். குருவிட்டவுக்கு அப்பால் உள்ள ஓர் இறப்பர்த் தோட்டத்தில், லயம் என்ற ஒரே வரிசைக் குடியிருப்பின் அடுத்தடுத்த காம்பராக்களில் இருவரும் வளர்ந்தார்கள். அவர் பதினாறு வயதில் இறப்பர் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தார். பால் உறைய வைப்பதும், உறைந்ததை உருளையில் கொடுத்து ஷீட்டாக இழுப்பதும், புகைக்கூட்டில் தொங்கவிடுவதும் அவர் வேலை. எழுபதைத் தாண்டிய பின்பும் கைக்காசுக்காக அங்கேதான் போய்வருகிறார். எங்கள் வழக்கப்படி அவளை மணக்கும் உரிமை அவருக்கே முதலில் இருந்தது. அவள் பரீட்சைகளில் சித்தியடைந்து ஆசிரியையானாள். நான் அரநாயக்கப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து படித்து வந்து, பட்டத்தோடு பெண் கேட்டேன். மாமன் வீட்டார் விட்டுக்கொடுத்தார்கள். அவர்கள் சண்டை போட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். விட்டுக்கொடுத்தவரை வெறுப்பதற்குக் காரணம் தேடுவது கடினம்.

உறவுமுறை இன்னொரு சங்கடத்தையும் வைத்திருந்தது. மனைவிக்கு அத்தான் முறையானவர் கணவனுக்கு அண்ணன் முறையாவார். முப்பத்தெட்டு ஆண்டுகளில் நான் அவரை ஒருமுறையேனும் அண்ணன் என்று அழைத்ததில்லை. அவரும் என்னைத் தம்பி என்று அழைக்கவில்லை. ‘சேர்’ என்றார். அவளை மட்டும், அவள் தலை நரைத்து ஓய்வூதியம் வாங்கத் தொடங்கிய பிறகும், ‘புள்ள’ என்றே கூப்பிட்டார். அவள் அவரை அத்தான் என்றாள். என்னை அழைப்பதற்கு அவளிடம் ஒரு பெயர்ச்சொல்லும் இருக்கவில்லை. ‘இங்க பாருங்க’ என்பாள். படித்த தம்பதிகள் பலர் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்பதை அறிவேன். ஆனாலும் அவள் ‘அத்தான்’ என்று சொல்லும்போது அந்தச் சொல் அவள் வாயில் எவ்வளவு தாராளமாக உட்கார்ந்தது என்பதை நான் ஒவ்வொரு முறையும் கவனித்தேன்.

என் தொழிலைச் சொல்லாமல் அந்தப் போத்தலைப் பற்றிச் சொல்ல முடியாது. பங்கசு என்று பாடநூல்களில் நாங்கள் எழுதும் பூஞ்சை இனங்களில், மனிதத் தோலைத் தின்று வாழ்பவற்றை எதிர்க்கும் இலைகளைத் தேடுவதில் என் உத்தியோக காலம் கழிந்தது. முறை எளிமையானது. கடற்பாசிக் கூழைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி உறைய வைத்து, அதன்மேல் பங்கசை விதைப்போம். கூழில் சிறு குழிகள் தோண்டி, ஒன்றில் இலைச்சாறும், ஒன்றில் கடை மருந்தும், ஒன்றில் வெறும் நீரும் இடுவோம். பங்கசு தட்டு முழுவதும் வெண்பஞ்சாகப் படரும். சாறு வேலை செய்தால் அதன் குழியைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் வெறுமையாக நிற்கும். அந்த வெறுமையின் விட்டத்தை அளப்பதே எங்கள் விஞ்ஞானம். மழையில் கொழுந்து பறிப்பவர்களுக்கும் பால் வெட்டுபவர்களுக்கும் கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்கு விலை குறைந்த மருந்தொன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது இளமையில் எனக்கிருந்த ஆசை. பின்னர் அது கட்டுரைகளின் முன்னுரையில் மட்டும் இடம்பெறும் வாக்கியமாகியது.

நான் சோதனைக்குப் பயன்படுத்திய பங்கசு அவளுடையது.

மணமான முதல் ஆண்டில், தோட்டப் பாடசாலைக்கு ஈரத்தில் நடந்து நடந்து அவளுடைய சுண்டுவிரல் இடுக்கு வெடித்திருந்தது. ஒரு மாலை அவளைப் பின்படியில் உட்காரவைத்து, பாதத்தை என் மடியில் வைத்து, மழுங்கிய கத்தியால் வெள்ளைச் செதில்களைக் கறுப்புக் காகிதத்தின்மேல் சுரண்டி எடுத்தேன். கூசுகிறது என்று காலை இழுத்துக்கொண்டே இருந்தாள். செதில்கள் குழாயில் வளர்ந்தன. நுணுக்குக்காட்டியில் காட்டியபோது, “இதா என் கால்ல இருந்திச்சு? கோலம் மாதிரி இருக்கே” என்றாள். அவளுக்குக் கடையில் களிம்பு வாங்கிக் கொடுத்தேன், புண் ஆறியது. குழாயில் இருந்ததை நான் விடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பழைய குழாயிலிருந்து ஒரு துளியைப் புதிய குழாய்க்கு மாற்றி உயிரோடு வைத்திருந்தேன். அடிப்பாகத்தில் இருந்த சிவப்பு நிறம் காலப்போக்கில் வெளிறிப்போனது. ஆய்வுகூடப் பதிவேட்டில் அதற்கு ஓர் எண் மட்டுமே உண்டு. யாருடைய காலிலிருந்து வந்தது என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும் என்று எண்ணியிருந்தேன்.

இறப்பதற்கு முந்திய ஆண்டு முழுவதும் அவள் என்னிடம் ஒரு விடயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் அவள் தோட்டத்துக்குப் போவது வழக்கம். லயத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணிதம் சொல்லிக்கொடுத்தாள். திரும்பி வந்ததும் ஸ்டோர்ச் செய்தி வரும்.

“இங்க பாருங்க, அத்தான் அந்த எத்தோர எலய அரைச்சு ஸ்டோர்ல எல்லாருக்கும் போட்டுவிடுறாரு. சேத்துப்புண்ணு நல்லா ஆறுது. நீங்க ஒருக்கா டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன்.”

எத்தோர என்பது வண்டுகொல்லியின் சிங்களப் பெயர். தோட்டத்தில் பலர் அப்படித்தான் சொல்வார்கள்.

“அது நான் பாத்த இலைதான்” என்றேன். “ஆய்வேட்டுல ஒரு அத்தியாயமே இருக்கு. சுமாரா வேலை செய்யும்.”

“நீங்க பாத்தது ஒங்க எல. இது அவரு எல.”

“இலைக்கு ஆள் தெரியாது.”

“ஒங்களுக்குத் தெரியுதே” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டேன். அந்த ஆண்டில் அவள் கேட்ட பல கேள்விகளுக்கு நான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

அவளுக்கு நான் சொன்ன காரணங்கள் அனைத்தும் செம்மையானவை. ஓய்வுபெற்றவன் ஆய்வுகூடத்துக்குள் போக அனுமதி வேண்டும். பச்சைச் சாறு நம்பத்தக்கதல்ல, இலையை உலர்த்தித் தூளாக்க வேண்டும். இலை பறித்த காலம், செடியின் வயது எல்லாம் குறிக்கப்பட வேண்டும். ஒரு மாணவன் கேட்டிருந்தால் இத்தனை தடைகளையும் ஒரே கடிதத்தில் நீக்கிக் கொடுத்திருப்பேன்.

பிறகு ஒரு காலை அவள் குளியலறையிலிருந்து வந்து, மார்பு அழுத்துகிறது என்று சொல்லிக் கதிரையில் உட்கார்ந்தாள். இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையிலேயே முடிந்துவிட்டது.

செத்த வீட்டுக்கு அவரும் அவருடைய மனைவியும் பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவந்தார்கள். அவளுக்கு உடன்பிறந்த ஆண்கள் இல்லாததால் அந்தச் சேலை மாமன் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். தட்டில் வைத்து, தலைக்கு மேல் பிடித்து, மேளத்தோடு படியேறினார்கள். மாம்பழ நிறத்தில் சிவப்புக்கரை போட்ட சாதாரணச் சேலை. நான் வாங்கிக் கொடுத்திருந்த பட்டின்மேல் அதைப் போர்த்தினார்கள். முறை அதுதான். அவள் எங்கள் வாசலைக் கடக்கும்போது என் சேலை வெளியே தெரியவில்லை.

அவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அன்று மாலை, தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஆறுதல் சொன்னாள்.

“போன மாசந்தான் டீச்சர் காலு நல்லாகிருச்சுன்னு சந்தோசமா சொன்னாங்க சேர். எவ்வளவு நாளா அவதிப்பட்டாங்க. ஸ்டோருல அவரு கையால மருந்து போட்டுத்தான சொகமாச்சு.”

எந்தக் கால் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், என் மனைவியின் காலில் புண் இருந்தது எனக்குத் தெரியாது என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டிருக்கும். தலையை மட்டும் ஆட்டினேன். அந்த ஆண்டு மாலைகளில் மனைவி குளிர் என்று சொல்லிக் காலுறை அணிந்திருந்தது பின்பு நினைவுக்கு வந்தது. இரத்தினபுரியில் யாருக்கும் காலுறை போடும் குளிர் அடிப்பதில்லை. மாகாணம் முழுவதும் அலைந்து தொழிலாளர்களின் கால்களைக் குனிந்து பார்த்தவன், ஒரே கூரையின் கீழ் இருந்த காலைப் பார்க்கவில்லை. அதைப் பார்த்தவர் அவர்.

ஆகவே முப்பத்திரண்டாம் நாள் அந்தப் போத்தலைக் கையில் எடுத்தபோது, அதைச் சோதிக்க வேண்டும் என்ற முடிவு உடனே வந்தது. அவளுடைய கடைசி விருப்பம் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அது பொய்யல்ல. ஆனால் நான் அறிய விரும்பியது வேறு. அந்தச் சாறு உண்மையில் வலியதென்றால், அவள் மருந்துக்காகவே போனாள். வலியதல்ல என்றால், அவள் அவருக்காகப் போனாள். நாற்பது ஆண்டுகள் ஆய்வு செய்தவன் ஒரு கண்ணாடித் தட்டிடம் இப்படியொரு கேள்வியைக் கேட்டது வெட்கத்துக்குரியது. அப்போது அது எனக்கு மிக ஒழுங்கான கருதுகோளாகத் தோன்றியது.

பல்கலைக்கழகத்தில் இப்போதைய துறைத்தலைவர் என் பழைய மாணவர். அனுமதி ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைத்தது. ஆய்வுகூட உத்தியோகத்தர் இரத்தினபுரியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண். பழைய குழாய்களை அவர்தான் எனக்குப் பின்பும் ஆண்டுதோறும் மாற்றிவந்தார். எண்ணைச் சொன்னதும் எடுத்துக் கொடுத்தார்.

“சேர்ட பழைய ஆள். சாகவே மாட்டாரு” என்றார்.

அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. நான் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். உடல் தீயில் முடிந்து ஒரு மாதத்துக்கு மேலான பிறகு, அவளிலிருந்து வந்த ஒன்று அந்தச் சிறு கண்ணாடிக்குள் வெண்மையாக, மெதுவாக, வளர்ந்துகொண்டிருந்தது. இந்த ஒன்றில் எனக்குப் போட்டியாளர் இல்லை. அதன்மேல் அவருடைய சாற்றை ஊற்ற வேண்டியிருந்தது.

முகக்கவசத்தோடும் கையுறையோடும், பாடம் நடத்துவது போல ஒவ்வொரு படியாகச் செய்தேன். ஒரு குழியில் போத்தல் சாறு, ஒன்றில் கடை மருந்து, ஒன்றில் நீர். இந்தப் பங்கசு மெதுவாக வளர்வது. ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த வாரத்தில் நான் வீட்டில் அவளுடைய உடைகள் எதையும் தொடவில்லை.

எட்டாம் நாள் மூடியைத் திறந்தேன். நீர்க்குழியின் விளிம்புவரை பங்கசு வந்திருந்தது. கடை மருந்தைச் சுற்றி எதிர்பார்த்த அளவு வட்டம். அவருடைய சாற்றைச் சுற்றி, தட்டின் கால்பங்கு வெறுமையாகக் கிடந்தது. என் இலைகள் எதுவும், என் மாணவர்களின் இலைகள் எதுவும், அப்படியொரு வெறுமையை உண்டாக்கியதில்லை. அவளுடைய பாதத்திலிருந்து வந்தது, என் சாறுகளுக்கெல்லாம் சிறிதே அசைந்தது, அவருடைய சாற்றுக்கு இவ்வளவு தூரம் விலகி வழிவிட்டிருந்தது. அளவுகோலை வைத்தேன். இரண்டாம் முறையும் அளந்தேன். அளவு மாறவில்லை.

உத்தியோகத்தர் அருகே வந்து எட்டிப் பார்த்தார். “ஆ, வட்டம் நல்ல பெரிசா ஈக்கி” என்று சொல்லிவிட்டு, மேசையில் திறந்திருந்த போத்தலுக்கு மேல் குனிந்து மோந்தார். “சேர், இது எல மணம் இல்லயே. எங்கட வாப்பாட கட மணம்.”

“என்ன கடை?”

“ஷீட் கட. தோட்டத்துல ஷீட் வாங்கி விக்கிறவர். ரப்பருக்கு ஊத்துற அசிட் இந்த மாதிரித்தான் மணக்கும்.”

முகக்கவசத்தை இறக்கி நானும் மோந்தேன். இலையின் பச்சை வாடைக்கு அடியில், எறும்பை நசுக்கினால் வரும் அந்தக் கூரிய புளிப்பு. இறப்பர்ப் பாலை உறைய வைக்கும் போமிக் அமிலம். தோட்டத்தில் பிறந்த எவனும் மறக்காத வாசனை. பங்கசைத் துரத்தியது அமிலம். இலை அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது.

அந்த நொடியில் எனக்கு வந்தது மகிழ்ச்சி. வேறு பெயர் சூட்டி அதை மேன்மைப்படுத்த நான் விரும்பவில்லை. அவர் ஏமாற்றவில்லை, தெரியாமல் செய்திருக்கிறார் என்பது உடனே விளங்கியது. அது மகிழ்ச்சியைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. ஸ்டோர்க்காரருக்கு எல்லாவற்றிலும் அசிட் ஊற்றத்தான் தெரியும் என்று மனம் சொல்லிக்கொண்டது.

பழக்கம் மகிழ்ச்சியைவிட வலியது. மறுநாள் வீதியோரச் செடியிலிருந்து புதிய வண்டுகொல்லி இலை பறித்து, அமிலம் சேர்க்காமல் அரைத்தேன். போத்தலில் இருந்த புளிப்பின் அளவுக்கு அமிலத்தை நீரில் கலந்தேன். போத்தல் சாறு, வெறும் அமிலம், வெறும் இலை என்று மூன்று குழிகள். மீண்டும் ஒரு வாரம். வெறும் அமிலத்தின் வட்டம் போத்தல் சாற்றின் வட்டத்துக்கு ஏறத்தாழச் சமமாக வந்தது. வெறும் இலை, முப்பது ஆண்டுகளுக்கு முன் என் ஆய்வேட்டில் நான் எழுதிய அதே சிறிய வட்டத்தைத் தந்தது. அவர் இலையும் என் இலையும் ஒன்றுதான். நான் சொல்லியிருந்தேன்.

தட்டைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு, சனிக்கிழமை குருவிட்டவுக்கு பஸ் ஏறினேன். கடையடியில் இறங்கி முச்சக்கர வண்டி பிடித்தேன். அமிலம் வெடித்த தோலைச் சுடும், அதை நிறுத்தச் சொல்ல வேண்டியது கடமை. போனதற்கு அந்தக் காரணம் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் இருந்தது.

மழை விட்டுவிட்டுப் பெய்தது. வெட்டிய பாலை ஸ்டோரில் கொடுத்து முடித்த நேரம். ஸ்டோரின் பின்பக்கப் படியில் ஐந்தாறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் தாழ்ந்த பலகையொன்றில், முன்னால் அலுமினியத் தாச்சியோடு, ஒருத்தியின் பாதத்தைக் கையில் ஏந்தியிருந்தார். அவருடைய மனைவி அடுப்பிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார். பழைய வெள்ளைச் சாரத்துணியைக் கிழித்த துண்டுகள் துவைத்து அடுக்கியிருந்தன.

“வாங்க சேர், வாங்க. மழையோட வந்திருக்கீங்களே. ஒக்காருங்க” என்றார் அவர், எழ முயன்று. நான் கையமர்த்தினேன்.

“சேரும் கால நீட்டப் போறாரா?” என்றாள் வரிசையின் கடைசியில் இருந்தவள்.

“சேரு காலு சப்பாத்துக் காலு. அதுல என்னாத்த தேடுவ?” என்றாள் இன்னொருத்தி.

“நீ மொதல்ல ஒன் கால கழுவிட்டு வா. அட்ட கடிச்சதையும் புண்ணுங்கிற” என்று அவர் சொல்ல, அவர்கள் சிரித்தார்கள். பிறகு என் துக்கம் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

நான் ஒரு பீப்பாயின்மேல் உட்கார்ந்து பார்த்தேன். அவர் ஒவ்வொரு விரல் இடுக்கையும் தனித்தனியாகத் துடைத்தார். ஒரு காலுக்கு எடுத்த துண்டை மறுகாலுக்கு எடுக்கவில்லை. துடைத்தபின் விரல்களுக்கிடையில் பஞ்சுத் திரிகளைச் செருகி, காலை ஒரு கட்டையின்மேல் தூக்கி வைத்து, அடுத்தவளுக்குப் போனார். எல்லோரும் முடிந்த பிறகே முதலாமவளிடம் திரும்பி வந்து, திரியை எடுத்து, ஈரம் இருக்கிறதா என்று தன் புறங்கையால் தொட்டுப் பார்த்து, கோழி இறகால் சாற்றைத் தடவினார். அவசரமே இல்லை. எந்தக் கிளினிக்கிலும் ஒரு காலுக்கு இவ்வளவு நேரம் கொடுக்கப்பட்டதை நான் கண்டதில்லை.

அங்கே உட்கார்ந்தபடியே எனக்கு விளங்கியது. சேற்றுப்புண் ஈரத்தில் வாழ்கிறது. இடுக்கை நன்றாகத் துடைத்து உலர்த்தி வந்தால் மருந்தில்லாமலே பாதிக்கு மேல் ஆறிவிடும். மாணவர்களுக்கான என் விரிவுரையின் கடைசி வரி அது. மணி அடித்த பின்பு அவசரமாகச் சொல்லும் வரி.

பெண்கள் போனபின் அவரிடம் கேட்டேன். “சாத்துல அசிட் ஊத்துறீங்களா?”

“ஆமாங்க. ஒரு போத்தலுக்கு ஒரு மூடி. தண்ணி கலந்ததுதான்.”

“யார் அப்படிச் சொன்னது?”

அவர் என்னைக் கொஞ்சம் வியப்போடு பார்த்தார். “நீங்கதான சேர். சாறு மூணு நாள்ல பூத்துப் போகுது, என்னா செய்யலாம்னு புள்ளகிட்ட கேட்டேன். அது ஒங்ககிட்ட கேட்டுட்டு வந்து சொல்லிச்சு. பாலுக்கு ஊத்துற அசிட்ட கொஞ்சம் விட்டா பூக்காதுன்னு சேர் சொன்னாருன்னு.”

நினைவு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இலைச்சாறு கெடாமல் இருக்க என்ன சேர்க்கலாம் என்று அவள் கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. தாளின் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே ஏதோ சொன்னேன். நான் சொன்னதை அவள் இவ்வளவு தூரம் சுமந்து வந்து, இந்தப் படியில் இறக்கியிருக்கிறாள்.

“அது வெடிப்புல பட்டா எரியும்” என்றேன்.

“எரியத்தான் செஞ்சிச்சு. புள்ளக்கி கண்ணுல தண்ணி வந்துரும். நிப்பாட்டவான்னு கேட்டா, சேர் சொன்ன மருந்து, எரிஞ்சா வேல செய்யுதுன்னு அர்த்தம்னு சொல்லும்.”

அவர் துண்டுகளைத் தாச்சியில் அலசிக்கொண்டே தொடர்ந்தார்.

“வீட்ல ஏன் காட்டலன்னு நானே கேட்டேங்க. அவருகிட்ட கால நீட்டினா சொரண்டி எடுத்து குழாயில போட்டுருவாரு, ஏற்கனவே ஒண்ணு போட்டு இத்தன வருசமா சோறு ஊட்டி வளக்கிறாருன்னு சொல்லிச்சு. சிரிச்சு சிரிச்சு சொல்லும். இவங்களெல்லாம் ஒக்காந்து கேட்டுக்கிட்டிருப்பாங்க.” சற்று நிறுத்தி, “அது இன்னும் உசுரோட இருக்குங்களா சேர்?” என்றார்.

“இருக்கு.”

“ஹரி” என்றார் மெதுவாக, சரி என்பதற்குச் சிங்களத்தில் சொல்வதைப் போல, தலையை ஆட்டி. அதற்குமேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

எங்கள் இருவருக்குள் இருப்பதாக நான் நினைத்திருந்ததை ஸ்டோர்ப் படி முழுவதும் அறிந்திருந்தது. அவள் அதை வேடிக்கையாகச் சொன்னாளா, பெருமையாகச் சொன்னாளா என்று அவரைக் கேட்டிருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்கும். அதனாலேயே கேட்கவில்லை.

அசிட்டை இனி ஊற்ற வேண்டாம், சாற்றை அன்றன்று அரைத்துப் பாவியுங்கள் என்று சொன்னேன். சரிங்க என்று உடனே ஏற்றுக்கொண்டார். கைத்தொலைபேசியை எடுத்து, மூன்று வட்டங்களின் படத்தைத் திறந்து வைத்திருந்தேன். இன்னும் காட்டவில்லை.

“அப்ப சேர்,” என்றார், துண்டைப் பிழிந்து உதறி, “டெஸ்ட்டுல என்னா வந்திச்சு? எல மட்டும் வேல செய்யுதுங்களா? புள்ளயோட காலு எதுனால சொகமாச்சு?”

அவர் கை ஈரமாக இருந்தது. தண்ணீரிலும் அமிலத்திலும் ஐம்பது ஆண்டுகள் ஊறிய விரல்கள்; நுனிகள் வெளுத்து, ரேகை தேய்ந்து, துணிபோல் மென்மையாக இருந்தன. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளுடைய சுண்டுவிரல் இடுக்கில் அந்த விரல்கள் எவ்வளவு நேரம் இருந்திருக்கும் என்று எண்ணினேன். என்னிடம் இருந்த விடை ஒன்றே. அமிலம் அவளை எரித்தது, கொஞ்சம் உதவியும் இருக்கலாம். இலை சிறிதளவு செய்தது. ஆற்றியது நீங்கள் துடைத்தது. தொழிலில் நான் ஒருபோதும் பொய்யான முடிவு சொன்னதில்லை. என் மாணவன் ஒருவன் ஒரு மில்லிமீற்றரைக் கூட்டி எழுதியதற்காக அவனுடைய ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

“இலைதான் அண்ணே” என்றேன். “நல்ல இலை. அதாலதான் ஆறியிருக்கு.”

அவர் கண் நிறைந்துவிட்டது. முடிவுக்காகவா, அண்ணன் என்றதற்காகவா என்று தெரியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “புள்ள அப்பவே சொல்லிச்சுங்க” என்றார். கைத்தொலைபேசியைச் சட்டைப் பையில் வைத்தேன்.

மழைநீர்க் கானோரத்துச் செடியிலிருந்து ஒரு கட்டு இலை வெட்டி, வாழைநாரால் கட்டிக் கொடுத்தனுப்பினார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஆய்வுகூடக் குறிப்பேட்டில் மூன்று குழிகளின் அளவையும் உள்ளது உள்ளபடியே எழுதியிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் திறந்து சரிபார்க்கலாம். துடைத்த துணிக்கென்று அந்தத் தட்டில் நான் குழி தோண்டவில்லை.